ஆல்டர் ஃபால்ஸுக்கு வரமாட்டேன் என்ற மகாராஜா

ஆல்டர் ஃபால்ஸ்,
வடக்கு ஒன்டாரியோ.
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

மதிப்பிற்குரிய மைத்துனர் தாவ்னோ அவர்களுக்கு, வெய்க்கோ எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை எல்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும் உங்கள் வீட்டம்மா சில்வியின் ரத்த அழுத்தமும் டாக்டர் சொன்னபடி கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். இந்த வருடம் இங்கே கொசு குறைவு, ப்ளூபெர்ரி அதிகம். நல்ல செய்தி இத்துடன் முடிந்தது.

போன வாரம் போனில், "என்ன மாப்பிள்ளை, உங்க டீமுக்கு நாட்டுலயே பெரிய ஆட்டக்காரன் கெடைச்சும் கெடைக்கலையாமே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் போனை எல்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். போன பருவத்தில் நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணி மைனர்ஸ் லீக்கிலேயே கடைசி. கடைசியாக வந்த அணிக்குத்தான் புதுப் பையன்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை என்பதால், தோற்றதைக்கூட ஊரில் ஒரு சாமர்த்தியம் போலப் பேசிக்கொண்டு திரிந்தோம். எல்லோர் வாயிலும் இருந்த பெயர் கீகன் ராத்வெல். வயது பதினாறு. பனித்தளத்தில் அவன் ஒரு முறை திரும்பினால் எதிரில் நிற்பவன் தன் கால்களைத் தேட வேண்டியிருக்கும் என்றார்கள். அவன் அப்பா டெரக் ராத்வெல், நீச்சல் குளம் கட்டித்தரும் பெரிய மனிதர். அவர் முன்கூட்டியே எல்லா அணிகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்: உங்கள் ஊர் வெஸ்ட்மியரின் லான்சர்ஸ் அணி எடுத்தால் வருவான், மற்றவர்கள் சிரமப்பட வேண்டாம். நம் மேலாளர் ஓவிலா கிராத்தோனைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "பேரைக் கூப்டுட்டா வராம எங்க போவான், சின்னப் பையன்தானே" என்று எடுத்துவிட்டார். ஆள் எடுக்கும் அன்றைக்கு ஊரே நம் அரங்கத்தில் கூடித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயரை அழைத்தார்கள், நாங்கள் கைதட்டினோம். திரையில் தெரிந்த மேடையில் ஓவிலா நம் சிவப்புச் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, துணி காயப்போட வந்தவர் மாதிரி நின்றார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். நாங்கள் அப்போதும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தோம், எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை.

உங்களுக்கு இது சிரிப்பு. சுரங்கம் மூடிய பிறகு குளிர்காலத்தில் இந்த ஊருக்கு இருப்பது இந்த அணி ஒன்றுதான். இன்னொரு வருடம் இருக்கைகள் காலியாகக் கிடந்தால் அணியை வேறு ஊருக்கு விற்றுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் ஓவிலா நம் வீட்டுக்கு வந்தார். வெளியூர்ப் பையன்களை மாடியறையில் தங்கவைத்துச் சமைத்துப் போடுவது எல்மாவுக்குப் பழக்கம் அல்லவா, அவளைப் பார்த்தால் பையனின் தாய் மனம் இளகுவாள் என்று கணக்கு. என் வண்டியில் மூன்று பேரும் தெற்கே கிளம்பினோம். காட்டுச் சாலையில் ஒரு மூஸ் மான் குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தேன். அது யோசித்துப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி என் முன்விளக்கின் மேல் உட்கார்ந்தது. வண்டி குலுங்கியதில் எல்மா மடியில் இருந்த ப்ளூபெர்ரி ஜாம் பாட்டில் திறந்து ஓவிலாவின் ஒரே ஒரு வெள்ளைச் சட்டையில் கொட்டியது. கத்திக்குத்து வாங்கியவர் போல ஒருவரும், ஒற்றை விளக்கு வண்டியும், ஏலக்காய் ரொட்டியுமாக ராத்வெல் மாளிகையில் போய் இறங்கினோம்.

சாப்பாட்டு மேசையில் அப்பா, அம்மா மெரடித், பையன், அப்புறம் பிரைஸ் என்று ஓர் ஆள். அவரை ஏஜென்ட் என்று சொல்லக் கூடாதாம், குடும்ப ஆலோசகராம். எங்கள் குடும்பத்தில் ஆலோசனை சொல்லாத ஆள் யார் என்று தேட வேண்டும், இவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"தம்பி, உனக்கு என்னப்பா சாப்பிடப் பிடிக்கும்?" என்று எல்மா கேட்டாள்.

"கீகன் இப்போ எல்லா வாய்ப்பையும் பரிசீலிச்சிட்டிருக்கார்" என்றார் பிரைஸ்.

"உருளைக்கிழங்கைப் பத்தியாவது முடிவு பண்ணிட்டாரா?" என்று நான் கேட்டேன். எல்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க டீம்ல உணவு நிபுணர் இருக்காரா?" என்றார். "நான் இருக்கேன்" என்றாள் எல்மா. "அங்க குளிர் ரொம்பக் கடுமையாமே?" என்றார். ஐஸ் ஹாக்கி ஆடும் பையனுக்குக் குளிர் ஆகாதாம், மீனுக்குத் தண்ணீரில் சளி பிடிக்கும் என்கிற மாதிரி. அந்த அம்மா மட்டும் மெதுவாக, "மத்த ஊர் ஆட்டத்துக்கெல்லாம் பஸ்லயேதான் போவாங்களா, ராத்திரியிலயுமா?" என்று கேட்டார். பாவம், பயப்படுகிறாரே என்று அவரைச் சிரிக்கவைக்க மான் கதையைச் சொன்னேன். குழம்புக் கரண்டியை மானாகவும் வெண்ணெய்த் தட்டை வண்டியாகவும் வைத்து நடித்தே காட்டினேன். "இதாவது குட்டி. பஸ் முன்னாடி வர்றதெல்லாம் இதைவிடப் பெருசு. டிரைவர் தூங்காம இருக்க அது ஒரு உதவிங்க" என்றேன். பையன் வாய்விட்டுச் சிரித்தான், அன்றைக்கு அவனிடமிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான். அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். எல்மாவும் பின்னாலேயே போனாள். இருவரும் வெகுநேரம் வரவில்லை.

திரும்பும் வழியில், "நீங்க அந்த மானைப் பத்தி வாயத் தெறக்காம இருந்திருந்தா அந்தம்மா பாதி சம்மதிச்சிருப்பாங்க" என்றாள் எல்மா. "பாதியில்ல, முக்கால்" என்றார் ஓவிலா பின்சீட்டில் இருந்து. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையைக் கேட்டுக் கலங்கிப்போகும் குடும்பம் ஹாக்கிக்கே லாயக்கில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். கோடை முழுக்க வரமாட்டேன், வரமாட்டேன் என்றே அடம் பிடித்தான், கடைசியில் உங்கள் லான்சர்ஸ் அவனை வாங்கிக்கொண்டு இரண்டு தடுப்பாட்டக்காரர்களை நமக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒருவன் வந்த அன்றே இந்த நடுக்காட்டில் நின்றுகொண்டு கடல் எந்தப் பக்கம் என்று கேட்டான். நான் சுரங்கத்தில் சேர்ந்தபோது கீழே இறங்கு என்றார்கள், இறங்கினேன். என் ஆலோசகர் வரட்டும், இந்தக் குழி எனக்குப் பொருந்துமா என்று பரிசீலிக்கிறேன் என்றா சொன்னேன்? பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஊரை வேண்டாம் என்கிறவன் கால் எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன, அவன் ஓடுகாலிதானே. என் மேல் மதிப்பு இருந்தால் இந்த வருடம் லான்சர்ஸ் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். அவன் பெயர் போட்ட சட்டையோடு யாராவது எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் கடந்துவிடுங்கள். நவம்பரில் அவன் இங்கே ஆட வரும்போது அரங்கமே எழுந்து முதுகைக் காட்டப்போகிறது. யோசனை என்னுடையது. ஒத்திகையும் பார்த்தாயிற்று. வயதானவர்கள் திரும்பத்தான் கொஞ்சம் நேரமாகிறது.

சில்விக்கு என் அன்பு. ஆண்டவன் உங்கள் மூட்டையும் மூச்சையும் காத்து, சவுனா நீராவி அறையின் மரப்படியில் வழுக்காத காலையும் கொடுக்கட்டும் என்று வேண்டும்,

உங்கள் தங்கை கணவன்,
வெய்க்கோ சாரினென்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது எல்மா வந்து, "அண்ணனுக்கா? நானும் ரெண்டு வரி சொல்லணும்" என்றாள். இவளும் அந்த மெரடித் அம்மாவும் கோடை முழுக்க போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம், நான் மீன் பிடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து. பையனுக்கு நம் ஊருக்கு வரத்தான் ஆசையாம். அம்மா ராத்திரி பஸ்ஸை நினைத்துத் தூங்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நான்தான் போகமாட்டேன்னேன்னு சொல்லிடுங்க" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானாம். இப்போது வெஸ்ட்மியரில் அவன் தங்க இருந்த வீடு சரிப்படவில்லை. "எங்க அண்ணன் வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்று எல்மா உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாமான்களோடு வருகிறான். வெங்காயம் ஆகாது, மீன் பிடிக்கும், கூச்சப்படுவான், இரண்டாம் முறை கேட்டுப் பரிமாறுங்கள். முதல் ஆட்டத்துக்கு நீங்களும் சில்வியும் அவசியம் போக வேண்டும், கூட்டத்தில் ஒரு தெரிந்த முகமாவது இருக்கட்டும். இந்தக் கடிதம் அவன் கண்ணில் படாமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். நம் அணிக்கு எதிராக கோல் போட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டாவதற்கும் நான் கைதட்டினால் ஓவிலா என்னோடு பேசமாட்டார்.