முன்னாடி இழுக்காது, பின்னாடி இழுக்கும்

என் மாமியாரை வெள்ளானூர் ஏரிச் சேற்றில் இறக்கியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்கிறவன்கூட இத்தனை முன்னேற்பாடு செய்திருக்க மாட்டான். வரைபடம், பட்டியல், ஒத்திகை எல்லாம் என்னிடம் இருந்தன. நாலு மாதம் யோசித்து, நாலு நிமிடத்தில் இறக்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் வாடகை வீட்டில் நான், மனைவி பிலோமினா, அவள் அம்மா லூர்துமேரி மூன்று பேரும் இருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் எனக்குக் குமாஸ்தா வேலை. பெட்டிகளின்மேல் 'கவனம், உடையும்' என்று முத்திரை குத்த வேண்டும். (அந்த முத்திரையை முதலில் என் நெற்றியில் குத்தியிருக்க வேண்டும் என்பது பிலோமினாவின் அபிப்பிராயம்.)

மாமியாருக்கு ஒரே மகன், சேவியர். ராணுவத்தில் லாரி ஓட்டினான். முந்தின வருஷம் இமாசலப் பிரதேசத்து மலைச்சாலை ஒன்றில் பனி சரிந்து அவன் லாரியை மூடிவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் தோண்டி எடுத்தார்கள். ஆணி அடித்த பெட்டியில் வீட்டுக்கு வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். திறக்கவில்லை. அப்படியே கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். மாமியார் அழவும் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்த பனி இரண்டு. டிசம்பரில் காலைப் பூசைக்குப் போகும்போது முக்காட்டை நனைப்பது ஒன்று. கிறிஸ்மஸ் குடிலின் கூரையில் ஒட்டுகிற பஞ்சு இன்னொன்று. இந்த இரண்டில் எது தன் பிள்ளையைக் கொன்றது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

"பனின்னா தலைல விழுமே, சளி புடிக்குமே, அதுவா மாப்ள? அது எப்படி ஒரு லாரிய மூடும்?"

நான் விளக்கினேன். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, படம் போட்டு, உயரம், எடை, வெப்பநிலை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். (நான் விளக்கினால் ஏற்கெனவே புரிந்திருந்ததும் போய்விடும்.) பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஒரு தடவ அதக் கண்ணால பாத்துடணும் மாப்ள. எதுன்னே தெரியாம எதும்மேல கோவப்படறது?"

அதற்கு மேல் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மாமியார் பனியைப் பார்க்க வேண்டும்.

சாதாரண மருமகன் என்றால் சென்ட்ரலில் ரயில் ஏற்றியிருப்பான். நான் படித்தவன். பனிமலைப் பயணங்களைப் பற்றி ஆவடி நூலகத்தில் இருந்த ஏழு புத்தகங்களையும் முடித்திருந்தேன். பனிக்குப் போக நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று ஏழும் ஒரே குரலில் சொல்லின. இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சேவியர் உயிரோடிருந்தபோது என் மொபெட்டை 'தையல் மெஷின்' என்பான். லீவில் வரும்போதெல்லாம், "மச்சான், ஒரு ரவிக்கை தைச்சிக் குடுங்க" என்பான். அவன் வண்டி ஓட்டிய மலைக்கே ஜீப்பில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை. செத்துப் போனவனோடு போட்டி போடுவது சுலபம் என்று நினைத்திருக்கிறேன்.

மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் கிடைத்தது. கூடத்துச் சுவரில் இந்திய வரைபடம் ஏறியது. பட்டாபிராமிலிருந்து வடக்கே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன்; நாக்பூரில் பென்சில் தீர்ந்துவிட்டதால் அங்கிருந்து நீலம். குரங்குக் குல்லா, மஃப்ளர், மண்ணெண்ணெய் அடுப்பு, நீலகிரித் தைலம், மூன்று வகை ஊறுகாய் என்று பட்டியல் பக்கம் பக்கமாக வளர்ந்தது. தினம் சாயங்காலம் மாமியார் வரைபடத்தின் முன் வந்து நிற்பார்.

"இன்னிக்கி எதுவரைக்கும் வந்துட்டோம் மாப்ள?"

"போபால் தாண்டியாச்சு அத்தை."

"நல்லது" என்று முந்தானையால் கோட்டின்மேல் இருந்த தூசியைத் துடைப்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

வண்டியும் கிடைத்தது. கூட வேலை பார்த்தவரின் அண்ணனுக்கு நெமிலிச்சேரிப் பக்கம் செங்கல் சூளை. ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்று அங்கே நின்றது. ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சரிபார்க்க பூந்தமல்லியில் காதர் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். பாய் வண்டிக்கு அடியில் படுத்தார், தட்டினார், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், முன்னாடி இழுக்காது. பின்னாடி நல்லா இழுக்கும்."

தமிழ் தெரிந்த எவனுக்கும் இதில் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை. எடுத்தவுடனே இழுக்காது, போகப்போக இழுக்கும். வண்டியும் என்னைப் போலத்தான், சூடேற நேரமாகும் என்று அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

"பரவால்ல பாய், நமக்கு அவசரம் இல்ல."

பாய் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "பனிமலைக்குப் போறதா சொன்னீங்களே சார்?"

"ஆமா பாய். போகப்போக சரியாயிடும்."

"அல்லாதான் காப்பாத்தணும்" என்றார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஒத்திகை. முழு உடுப்பில் ஒத்திகை என்று உத்தரவு போட்டிருந்தேன். காலை பத்து மணி, ஆவடி வெயில், குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக மூன்று பேர் வெள்ளானூர் ஏரிக்குப் புறப்பட்டோம். வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். முன் சீட்டில் மாமியார். வெள்ளைப் புடவைக்கு மேல் சேவியரின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். அவன் டிரங்குப் பெட்டியோடு வந்தது. கை நீளம் அதிகமாகி விரல்களை மூடியிருந்தது.

ஏரியில் தண்ணீர் உள்வாங்கி, ஓரமெல்லாம் சேறு. "சேறுங்கிறது பனியோட தெக்கத்திச் சொந்தக்காரன்" என்று ஒரு பொன்மொழி சொல்லி, கரையிலிருந்து ஜீப்பை இறக்கினேன். இருபது அடி கம்பீரமாகப் போனது. பிறகு நின்றது.

"என்னங்க?" என்றாள் பிலோமினா பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல. முன்னாடி இழுக்காது. பின்னாடி இழுக்கும். பொறு."

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்தியது. சேறு எங்கள் தலைக்கு மேலே பறந்தது. வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது. சூடேறுகிறது என்று இன்னும் அழுத்தினேன். பின்பக்கம் உட்கார்ந்து, வண்டி மாமியார் பக்கமாகச் சாய்ந்து, அவர் செருப்பை நனைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது.

"நிறுத்துங்க, எறங்கிடலாம்" என்றாள் பிலோமினா.

"இதோ இப்ப இழுத்துடும்."

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "இன்னா சார் பண்ணிகினு கீற? ஊட்டுப் பொம்பளைங்கள இட்டாந்து சேத்துல நட்டு வச்சிகினு கீறியே, நாத்தா இது? குல்லா வேற!"

"கொஞ்சம் பொறுங்க, பின்னாடி இழுக்கும்!"

"இன்னாத்த இய்க்கும்? பூமிதான் உன்ன இய்க்குது!"

அதுவரை வாயே திறக்காத மாமியார் என் பக்கம் திரும்பினார். குல்லாவுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"மாப்ள, சேவியரும் இப்படித்தான் உக்காந்திருப்பானா? இதோ எடுத்துடலாம், இதோ எடுத்துடலாம்னு யாராச்சும் சொல்லிகினே இருந்திருப்பாங்களா?"

ஆக்ஸிலேட்டரிலிருந்து என் கால் தானாக எடுபட்டது. எஞ்சின் அணைந்ததும் ஏரி முழுவதும் ஒரே அமைதி. அந்த அமைதியில் அவர் அழ ஆரம்பித்தார். பெட்டி வந்த அன்று வராத அழுகை. ஸ்வெட்டர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு, மகன் பேரைச் சொல்லி. பிலோமினா பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்க வேறு எதுவும் இல்லை.

எருமைக்காரர் கேலியை விட்டுவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். "அயாதம்மா. வா, என் முதுவுல ஏறிக்கோ" என்று அவரைச் சுமந்துகொண்டு நடந்தார். கரைக்கு நாலடி முன்னால் அவர் கால் வழுக்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள். மாமியாரின் கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கு ஜீப்பில் கேட்டது. (கேட்டிருக்க முடியாது என்கிறாள் பிலோமினா. கேட்டது.)

பிலோமினாவும் எருமைக்காரரும் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் ஜீப்பைக் காவல் காத்தேன். மத்தியானம் சூளைக்காரர் டிராக்டர் அனுப்பினார்; அதில் காதர் பாயும் வந்திறங்கினார். சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே சார், முன்னாடி இழுக்காதுன்னு."

"பின்னாடி இழுக்கும்னும் சொன்னீங்களே பாய்!"

"பின்னாடி இழுத்திருக்கே சார். எவ்ளோ பெரிய குழி!" என்று பின் சக்கரத்தைக் காட்டினார். பிறகு முன் சக்கரத்துக்கு வந்து உள்ளங்கையால் அதை இரண்டு தட்டு தட்டினார். "இது முன்னாடி. எஞ்சின்லேர்ந்து இதுக்குப் போற ராடையே கழட்டிட்டாங்க, அதனால இழுக்காது. அது பின்னாடி. அது இழுக்கும். வேற எப்படி சார் சொல்றது?"

முப்பத்துநாலு வருஷமாகப் பேசி வந்த தாய்மொழி, சேற்றில் நிற்கும்போது எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மாமியார் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டு, "அதப் பாக்காமலே போயிடுவேன் போல" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த பிலோமினா, சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றி நாலாக மடித்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பத்து மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. நவம்பரில் ஒரு நாள் ரயில் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான்.

"எனக்கு?"

"நீங்க வீட்டப் பாத்துக்குங்க."

டிசம்பரில் போனார்கள். ரயில், பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். இரண்டு பெண்கள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டப்பா ஊறுகாய். நான்கு மாதத் திட்டம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே மீதியை நான் கேட்டதாகத்தான் சொல்ல முடியும்.

மலைமேல் சாலை அடைத்திருந்ததால் பஸ்ஸைக் கீழேயே ஒரு கிராமத்தில் நிறுத்திவிட்டார்களாம். சாலையோரமெல்லாம் பனி கிடந்திருக்கிறது. மாமியார் நொண்டிக்கொண்டே போய்க் குனிந்து, ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, ஒரு கை அள்ளினாராம். அது உருகி விரலிடுக்கில் ஒழுகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். கோபம் வரும், கத்துவார் என்று பிலோமினா பக்கத்திலேயே தயாராக நின்றிருக்கிறாள். மறுபடி ஒரு கை அள்ளி மகளின் உள்ளங்கையில் வைத்துச் சொன்னாராம்:

"லேசாத்தான்டி கீது. அவனுக்கு வலிச்சிருக்காது."

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏழு புத்தகம் படித்தவன். இத்தனை வருஷத்தில் நான் விளக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அதற்குப் பிறகு நான் வண்டி எதையும் ஓட்டியதில்லை. மாமியாருக்கு இப்போது எண்பதுக்கு மேல். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் தான் பனி பார்த்த கதையைச் சொல்வார். ஏரியைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு தூரம் மருமகனைக் கூட்டிப் போகவில்லையா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் வாயைப் பார்ப்போம். மாமியார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாது.

"மாப்ளைக்குப் பனி ஒத்துக்காதுங்க" என்பார்.

உடனே யாராவது ஒரு நல்ல மனிதர் எழுந்து போய் எனக்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார். மே மாதமாக இருந்தாலும் சரி. நான் நன்றி சொல்லிவிட்டு, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.