கடலுக்குப் போன துணைப்பாடம்

ராயபுரத்தில் கப்பலுக்கு எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே ஜீவன் என் வகுப்புத் தோழிதான். அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிட்டால் அவள் காதில் விழாது. துறைமுகத்தில் ஹாரன் அடித்தால் மட்டும் "பிரசென்ட் மிஸ்" என்று எழுந்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பெயரே கப்பல். மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மிதந்துகொண்டிருப்பாள்.

பிளஸ் டூவில் இங்கிலீஷ் மிஸ் ஒரு கட்டுரை கொடுத்தார். பாடத்திலிருந்த கவிதை நம்பிக்கையைப் பற்றியது. அதோடு ஒப்பிட நாமே ஒரு துணைப்பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தில் இருந்தால் போதும், எதுவானாலும் சரி. வெள்ளிக்கிழமைக்குள் நகலை இணைக்காவிட்டால் முட்டை. நாங்கள் எல்லாரும் செல்போனில் தேடி, முதலில் வந்த ஒரே கவிதையைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தோம்.

கப்பல் மட்டும் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். நகல் இல்லை. மிஸ் கேட்டதற்கு நிதானமாகச் சொன்னாள்: "டெக்ஸ்டு கடலுக்குப் போய்கீது மிஸ். வெள்ளிக்கிழமை வந்துரும்."

மீன்பிடித் தடைக்காலத்தில் அவள் அப்பா விசைப்படகுக்குப் பெயிண்ட் அடித்து, பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறார். தடை முடிந்து படகு கிளம்பும்போதுதான் இவள் அதைப் படித்திருக்கிறாள். அதுதான் இவளுடைய துணைப்பாடம். போட்டோவெல்லாம் மாலை போட்ட முன்பக்கம்தான். போகிற படகின் முதுகை யார் படம் எடுப்பார்கள்? கட்டுரையைப் படித்த மிஸ், கதை விடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். காலேஜில் இங்கிலீஷ் சீட் வாங்க இவளுக்கு அந்த மார்க் கட்டாயம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஸ் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கே வந்துவிட்டார். நானும் போனேன். கடல் அரைத்தூக்கத்தில் கிடந்தது. தூரத்துப் புள்ளிகள் மெல்லப் படகாகி, கிட்டே வந்ததும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. மிஸ் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கப்பலின் அப்பா படகும் வந்து திரும்பி நின்றது.

பின்பக்கம் பெரிய எழுத்தில் அவளுடைய நிஜப் பெயர். பக்கத்தில், பி.ஏ. இங்கிலீஷ்.

"இவ இன்னும் ஸ்கூலே முடிக்கலையே, பொய்யா எழுதலாமா?" என்றார் மிஸ்.

கயிற்றைக் கட்டிக்கொண்டே அவள் அப்பா சொன்னார்: "பொய்யில்ல டீச்சரம்மா. அவ படிச்சு முடிக்கிறப்போ நான் கடல்ல இருந்தா இன்னா பண்றது? அதான் முன்னாடியே எழுதிட்டேன்."

மிஸ் தன் செல்போனில் படம் எடுத்து, தானே கட்டுரையோடு இணைத்து, முழு மார்க் போட்டார். கப்பல் அதைக்கூடக் கவனிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயரையும் யாராவது எங்காவது இப்படி எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும் அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.