கிரிட்ச்லோவின் களிமண் முகம்

கொலைகாரன் பொம்மையைக் கையில் எடுத்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். ஒருத்தியும் வாங்கவில்லை.

இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊர் பொம்மைக்காரன் ஈனோக், விற்காத பொம்மைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். பெண்டாட்டிக்கு விஷம் வைத்த ஜேபஸ் கிரிட்ச்லோவுக்குச் சனிக்கிழமை சிறைவாசலில் தூக்கு. வேடிக்கை பார்க்கத் திருவிழாக் கூட்டம் கூடும். தொங்குகிறவனின் பொம்மை சுடச்சுட விற்கும். அதை நம்பிச் சூளை நிறைய அவனையே சுட்டு வைத்திருந்தான் ஈனோக். விற்காவிட்டால் சூளை கடன்காரன் கைக்குப் போகும். அவனும் தங்கை கெசையாவும் ஏழைகள் விடுதிக்குப் போக வேண்டியதுதான்.

புது அச்சு செய்ய நேரமேது? கிடப்பில் கிடந்த ஒரு போதகரின் அச்சில் வார்த்து, அடியில் கிரிட்ச்லோ என்று பொன்னெழுத்தில் எழுதிவிட்டான். ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன போதகருக்குச் சாந்தமான முகம்.

"இந்த மூஞ்சியா விஷம் வெச்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பெண்கள் அரசிக்கு அனுப்பும் கருணை மனுவில் கையெழுத்துப் போடக் கிளம்பினார்கள்.

புருவத்தைத் தடிப்பாகத் தீட்டச் சொன்னான் ஈனோக். கெசையா தீட்டினாள். முகத்தில் சோகம் கூடியது, அழுகையும் கூடியது. இன்னும் சுடாமல் பச்சைமண்ணாக இருந்த மிச்சப் பொம்மைகளில், போதகர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பிய்த்துவிட்டு விஷப்புட்டியை ஒட்டினான். தன் மருந்தையும் பெண்டாட்டிக்கே கொடுத்த புண்ணியவான் என்று சந்தை முழுக்கப் பேச்சு. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது.

"அவன் கொலைகாரன்டி," என்று தங்கையிடம் எரிந்து விழுந்தான்.

"எனக்கென்னமோ அப்படித் தோணலண்ணா. தெனம் அந்த முகத்தத்தானே தீட்டறேன்."

வெள்ளிக்கிழமை அரசியின் மன்னிப்பு வந்தது. ஊரே கொண்டாடியது. ஈனோக் சூளைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் கிரிட்ச்லோவே வந்து நின்றான். ஊசி மூக்கு, வெளிறிய கண்; பொம்மைக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று ஈனோக் பின்வாங்கினான். அவனோ, அந்தப் பொம்மைதான் தன் உயிரைக் காத்ததாகவும், ஊர்ப் பெண்கள் தனக்குத் திரட்டிக் கொடுத்த நிதியில் சூளையை மீட்டுத் தருவதாகவும், கெசையாவைக் கட்டிக்கொள்வதாகவும் சொன்னான். கெசையா அதற்குள் தேநீர் ஊற்றிவிட்டாள்.

ஈனோக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்மதம் சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாதவன்மேல் பழி போட்டுவிட்டேனே என்று கண் கலங்கினான்.

கிரிட்ச்லோ தேநீரைக் கலக்கினான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். மனுவோட வந்த பொம்பளைங்ககிட்ட, நான்தான் விஷம் வெச்சேன்னு ரெண்டு தடவ சொன்னேன். எவ்வளவு அடக்கமான மனுஷன்னு அழுதுட்டுப் போயிட்டாங்க."