ஸ்பானர் அக்காவின் கன்னம்

"கன்னத்துல என்னய்யா கரி?" என்றார் மேனேஜர்.

"கிரீஸ் சார்" என்றார் ஓவியர்.

பஸ் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டிய ஸ்பானர் அக்காவுக்கு நாளைக்குப் பிரிவுபசார விழா. படம் வரைகிறேன் என்று ஓவியர் தானே வலியப் போய்க் கேட்டிருந்தார். போன வருஷம் அவர் மனைவி பிரசவ வலியில் துடித்தபோது, பாதி வழியில் நின்றுபோன பஸ்ஸைப் பத்தே நிமிஷத்தில் ஓடவைத்தவர் அக்காதான். அந்த நன்றிக்கு, பார்த்த கோலத்திலேயே வரைந்து ஒரு மாசம் காயவைத்திருந்தார்.

"பொம்பளைன்னா ஒரு லட்சணம் வேணாமா? மாத்துய்யா!"

ஓவியருக்கு மனசு கேட்கவில்லை. வாய் மட்டும் "சரி சார்" என்றது. கிரீஸ்மேல் ரோஸ் பவுடர் ஏறியது.

பவுடர் முகமும் கையில் ஸ்பானருமாக, அக்கா யாரையோ அடிக்கக் கிளம்பியது போலிருந்தது.

"பூவைக் குடுய்யா!"

கொடுத்தார். அந்த முரட்டுக் கையில் ரோஜா, யாரிடமோ பிடுங்கிய மாதிரி இருந்தது.

"கையை இளைக்க வை!"

இளைத்த கையில் காக்கிச் சட்டை தொளதொளத்தது. பட்டு உடுத்திவிட்டார். கடைசியில், நகைக்கடைக் காலண்டரில் சிரிக்கிற யாரோ ஒரு மகராசி.

"யாருங்க இது?" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்த படத்தைப் பார்த்து.

"ஸ்பானர் அக்கா."

"அவங்களா? நாளைக்குப் புள்ளையைத் தூக்கிட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மேனேஜர் சொன்னா நான் என்னம்மா பண்ண?"

அவள் மறுநாள் காலையில், "நீங்க போய்ச் சட்டையை மாத்துங்க, படத்துக்கு நான் துணி சுத்தறேன்" என்றாள்.

விழாவில் மேனேஜர் ஏதோ நெடியில் மூக்கைச் சுளித்தபடி துணியை இழுத்தார். அது ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. விடாமல் இழுத்தார். ரோஜா, பட்டு, பவுடர் எல்லாம் துணியோடு வழித்துக்கொண்டு போக, அடியிலிருந்து எட்டிப் பார்த்தன கிரீஸ் கன்னமும் ஸ்பானர் பிடித்த கையும்.

"அட, நம்ம அக்கா!" ஒர்க்‌ஷாப்பே விசிலடித்தது.

அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்கம்மாகூட என்னை ஆம்பளை ஆம்பளைன்னுதான் திட்டுவாங்க. நான் இவ்ளோ அழகுன்னு இன்னிக்குத்தான்யா தெரியுது. நீ நல்லா இருக்கணும்" என்று ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேனேஜரும் வேறு வழியில்லாமல் கைதட்டினார்.

"நல்லவேளை, மேல்பூச்சு காயல! நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரேன்!" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் ஓவியர்.

அவள் தோளில் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்குப் போய்ப் பாருங்க, நீங்க பிரஷ் கழுவுற டர்பன்டைன்ல ஒரு சொட்டு மிச்சமில்ல, அந்தத் துணியை முழுசா அதுல முக்கித்தான் சுத்தினேன்."