தொன்னை சாரின் இடது பக்கம்

செங்கல்பட்டில் கார் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். காருக்குப் பட்டன் போட்ட பிறகுதான் டீ குடிப்பேன் என்று வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் எதிர் வீட்டுத் தொன்னை சார்தான்.

சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே, கோவளம் பக்கம் ஒரு பங்களாவில் துருப்பிடித்துக் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். இரண்டே சீட். கூரை கிடையாது. வேப்பம்பூவும் காக்கை எச்சமும் நேராக சீட்டில் வந்து விழுந்தன. இந்த மாதிரிக் கார்களுக்கு, சீட்டுக்கு மேலே இழுத்துப் பட்டன் போட்டு மூடுகிற டானோ கவர் என்று ஒன்று உண்டு என எங்கோ படித்துவிட்டு, தெருமுனையில் சீட் கவர் தைக்கிற பாயிடம் போய்ச் சொன்னார். பாய் காதில் அது 'தொன்னை' என்று விழுந்தது. ஒரு வாரம் அளவெடுத்துத் தைத்து முடித்தவர், சாருக்கு அனுப்ப வேண்டிய தகவலைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: 'தொன்னை ரெடி. வந்து வாங்கிக்கவும்.'

அன்று பார்த்து ஆடிக் கிருத்திகை. தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் தருகிறார்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றவர் என் அப்பா, கையில் எவர்சில்வர் டப்பாவோடு. அவருக்குப் பின்னால் பாதித் தெரு. பாய் ஒன்றும் புரியாமல் கறுப்பு ரெக்ஸினை விரித்துக் காட்டினார். காலி டப்பாவோடு திரும்பிய அவமானத்தை அப்பாவால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே 'தொன்னை சார்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒரே வருஷத்தில் கூரியர்காரர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரித்தார்கள்.

அந்தக் கவருக்கு இருபத்திரண்டு பட்டன், நடுவில் ஒரு ஜிப். ஓட்டும்போது வலது பாதியை மட்டும் திறந்து உட்காருவார், இடது பாதி மூடியே இருக்கும். நிறுத்தினால் வலதையும் மூடியாக வேண்டும். முன்பக்கம் முதலில், அடுத்து பின்பக்கம், கடைசியில் கதவு ஓரம். வரிசை மாறிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ரெக்ஸின் குளிரில் சுருங்கும். மார்கழிக் காலையில் கடைசிப் பட்டன் எட்டாமல், வெயில் வரட்டும் என்று காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இடது சீட்டில் கட்டின மனைவியைக்கூட ஏற்றியதில்லை. திறந்தால் தூசி படியுமாம். திருப்போரூர் முருகன் கோயிலுக்கு அவர் காரில் போவார், அந்த அம்மா பஸ்ஸில் போவார். சார் பதினெட்டாவது பட்டனில் இருக்கும்போது அந்த அம்மா தரிசனம் முடித்து விபூதியோடு வந்து நிற்பார்.

ஒருநாள் அப்பா வெட்கத்தை விட்டுக் கேட்டார், மகாபலிபுரம் வரைக்கும் என்னையும் இட்டுனு போங்க சார், காத்து வாங்கினு வரலாம் என்று. சார் முகத்தைப் பார்க்காமலே, "எடது பக்கம் தொறக்கறது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

போன ஐப்பசியில் அப்பா இறந்துபோனார்.

அப்பாவுக்கு மழை ஆகாது. ஒரு தூற்றல் தலையில் விழுந்தால் மூன்று நாள் தும்முவார். வானம் இருட்டினாலே அம்மா வாசலுக்கு வந்து, "அப்பா வந்துட்டாராடா?" என்று கேட்பாள். தகனம் முடிந்த மறுநாள் அவருடைய அஸ்தியை மகாபலிபுரம் கடலில் கரைக்க வேண்டும். சித்தப்பாவும் புரோகிதரும் முன்னாடியே போய்க் கரையில் நின்றார்கள். ராகு காலம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். வந்த டாக்ஸிக்காரர் என் கையில் இருந்த கலயத்தைப் பார்த்ததும், வண்டிக்கு ஆகாது என்று திரும்பிப் போய்விட்டார். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா கலயத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள்.

"அவருக்கு மழ ஆவாதுடா. நனையாம இட்டுனு போ."

கடலில் கரைக்கப் போகிறவரை நனையாமல் கொண்டு போகச் சொல்கிறாள். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

எதிர் வீட்டில் டப், டப் என்று பட்டன் கழலும் சத்தம் கேட்டது. தொன்னை சார் ஜிப்பை முழுக்கத் திறந்து, இடது பாதியை மடித்துப் பின்னால் தள்ளியிருந்தார். அந்த சீட்டை அன்றுதான் பார்த்தேன். ஏறு தம்பி என்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சார் ஓரம் கட்டி இறங்கினார். என்னைக் கலயத்தின் மேல் குனியச் சொல்லி, இடது பாதியை எங்கள் இருவர் மேலும் இழுத்து மூடினார். முன்பக்கம், பின்பக்கம், கதவு ஓரம். அந்த அவசரத்திலும் வரிசை மாறவில்லை. குளிரில் ரெக்ஸின் சுருங்கியிருந்தது, போதாக்குறைக்கு என் முதுகு வேறு முட்டியது.

"தலைய இன்னும் கொஞ்சம் தாழ்த்து. ஒரு பட்டன் பாக்கி கீது."

தாழ்த்தினேன். நெற்றி கலயத்தில் பட்டது. டப்.

உள்ளே இருட்டு, ரெக்ஸின் வாடை. அப்பாவோடு அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வாய்விட்டு அழுதேன். சார் மட்டும் வெளியே தொப்பலாக நனைந்துகொண்டு ஓட்டினார். ஒரு முனையில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். மூடின சீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தால் அவர் என்னதான் செய்வார்? உள்ளே என்ன என்று கேட்டார்.

"எதிர் வூட்டுக்காரரு. கடலுக்கு இட்டுனு போறேன்."

போலீஸ்காரரின் லத்தி கவர் மேல் தட்டியது. சார், அப்பாவோட அஸ்தி சார், என்று நான் உள்ளிருந்து குரல் கொடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார் என்று சார் பிறகு சொன்னார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சார் பட்டன்களைக் கழற்றி, கலயத்தின் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நனையல. அம்மாகிட்ட சொல்லு." கடல் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் கேட்டாரு. அன்னிக்கே இட்டுனு வந்திருக்கணும்."

தூற்றல் இன்னும் விடவில்லை. அவர் காரை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, ஒரு பட்டன்கூடப் போடாமல், என்னோடு மணலில் இறங்கி வந்தார்.

மறுநாளே இடது பாதி பழையபடி மூடிக்கொண்டது. அவர் மனைவி இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறார். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் அம்மா வாசலுக்கு வந்து எதிர் வீட்டை எட்டிப் பார்க்கிறாள்.

"தொன்னை சார் வந்துட்டாராடா?"