சத்தம் நின்றதும் எழுந்த சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போன் செய்தால் "நல்லாருக்கியாம்மா, இரு, சித்திகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். சித்தியிடம் நான் ஒன்று சொன்னால் உங்களிடம் அது வேறு ஒன்றாகப் போய்ச் சேருகிறது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் சித்தியும் மாவு மில்லும் நலமாக இருக்க வேண்டும். உங்களிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்ததில் உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்வதற்குத்தான்.

தப்பு அந்தப் புது விதியிலிருந்தே தொடங்குகிறது. பயணிகள் விமானத்துக்குள் கேட்கும் இரைச்சலைக் குறைப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு நிதி தருவது அரசாங்கம். தந்த நிதி என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு குழுவையும் அனுப்பும். இந்தத் தடவை, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்பதால் மக்களிலேயே சிலர் வந்து உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். "ப்ளேனே ஏறாத ஆளா இருந்தா நல்லது, யாருக்காவது தெரியுமா?" என்று எங்கள் தலைவர் கேட்டார். கூட்டத்தில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. நம் வீட்டிலோ கண்ணை மூடிக்கொண்டு யாரைக் காட்டினாலும் சரியாக இருக்கும். நான் உங்களைக் காட்டினேன். கேட்டு முடிப்பதற்குள் மில்லைப் பூட்டிவிட்டு வந்து நின்றீர்கள்.

வந்தீங்க, புதுச் சட்டை, கையில ஒரு பெரிய மாவுப் பை, "வெறுங்கையோட எப்படிம்மா வர்றது, ஆபீசருங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடு" என்றீர்கள், நான் வெட்கப்பட்டுக்கொண்டு அதை இருக்கைக்கு அடியில் தள்ளினேன், சோதனைக்காக ஆய்வகத்தில் பாதியாக வெட்டி வைத்த அந்த விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "மீதிப் பாதி எப்ப வரும்?" என்று தலைவரிடமே கேட்டீர்கள், அவரும் "நிதி வந்தா வரும்" என்று சிரித்தார், அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. எல்லோரையும் அதற்குள் உட்காரவைத்து, முதலில் பறக்கும்போது கேட்கும் வழக்கமான இரைச்சலை வைத்தோம். அதிகாரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். மெஷின் ஓடினா தூங்கறதும் நின்னா எழுந்திருக்கறதும் உங்க உடம்போட பழக்கம்னு நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரியும், கரண்ட் போனால் தெருவிலேயே முதலில் எழுவது நீங்கள்தான், இதெல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவில்லை. தலைவர் பொத்தானை அழுத்தினார், நாங்கள் இத்தனை காலம் பாடுபட்ட அமைதி அப்படியே வந்து இறங்கியது, நீங்க துள்ளி எழுந்து, "மெஷின் பட்டை அறுந்துடுச்சு, எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று ஒரு கையில் என்னையும் மறு கையில் குழுவில் வந்திருந்த நிதித்துறை அம்மாவையும் பிடித்து இழுத்தீர்கள், அந்த அம்மா என்ன ஏது என்று கேட்காமலே ஓடினார், அவர் ஓடியதால் மற்றவர்களும் ஓடினார்கள், யாரோ ஒருத்தர் கால் பட்டுப் பை கிழிந்தது, மாவு கிளம்பியது, கூரையில் இருந்த கருவி அதைப் புகை என்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டியது. மாவும் தண்ணீரும் சேர்ந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டுப் போட்டவர்கள்மேல் அது நன்றாகவே ஒட்டுகிறது.

"பொதுமக்கள் அமைதியைக் கண்டு பீதியடைகிறார்கள்" என்று குழு அங்கேயே எழுதிவிட்டது. நிதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அது வராவிட்டால் முதலில் வீட்டுக்குப் போவது கடைசியாகச் சேர்ந்த நான்தான். இதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனேம்மா" என்றீர்கள். 'மண்ணில்ல சித்தப்பா, மாவு' என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எப்போதும் போல விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பாதி பாரம் இறங்கியிருக்கும். அதை நினைத்தால்தான் இப்போதும் மனசு ஆறவில்லை.

நம் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவள் நான் என்பதால், மாவரைக்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அண்ணன் பொண்ணு ப்ளேன் செய்யறா" என்று சொல்வீர்கள். நான் அங்கே இருந்தால் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன். இப்போது யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அரைச்சு வெச்சாச்சு, எடுத்துக்கங்க" என்று மட்டும் சொல்கிறீர்களாம். சித்தி சொன்னார்கள். "உங்க சித்தப்பாகூட இருக்கறதும் மூடின மில்லுல இருக்கறதும் ஒண்ணுதான்டி" என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை.

வேலை போனால் போகட்டும். வேறு வேலை தேடிக்கொள்வேன். நீங்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு, பழையபடி சாப்பிட்டு, பழையபடி தூங்கி, சித்தியோடு பழையபடி சண்டை போட்டுக்கொண்டு இருந்தால் எனக்கு அதுவே போதும். சித்திக்கு என் அன்பு. உங்கள் காலைத் தொட்டு வணங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: எதையும் கேட்பதற்காக எழுதவில்லை என்று மேலே எழுதிவிட்டேன். அதை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும். குழு இன்னொரு தடவை வரச் சம்மதித்திருக்கிறது. இந்தத் தடவை சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப்போகிறோம். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தவர்களே மறுபடியும் உட்கார வேண்டுமாம், ஒருத்தர் குறைந்தாலும் செல்லாதாம். மற்றவர்கள் எல்லோரும் வருகிறார்கள். நிதித்துறை அம்மாகூட வருகிறார். உங்களைக் கேட்காமலே தலைவரிடம் "எங்க சித்தப்பா வருவாரு" என்று சொல்லிவிட்டேன். வாங்க சித்தப்பா. மாவு மட்டும் வேண்டாம். தூங்கிட்டாலும் பரவாயில்ல, பக்கத்து சீட்ல நான்தான் இருப்பேன். சத்தம் அடங்கறதுக்கு முன்னாடியே உங்க கையைப் பிடிச்சுக்கறேன்.