பத்து மணிப் பூவும் பகல் ஷிப்டும்

இருபத்திரண்டாவது நாளும் செடி பூக்கவில்லை.

சாகுல் ஹமீது மில்லிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் முகம்கூடக் கழுவாமல் மொட்டைமாடிக்கு ஓடினான். பழைய எண்ணெய் டின்னிலிருந்து செடி நாலா பக்கமும் வழிந்து தொங்கியது. மொட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

அந்த மொட்டு ஒன்று விரிந்தால்தான் தனக்குக் கல்யாணம் என்று சாகுல் நம்பினான். அப்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்தது.

மூன்று வாரங்களுக்கு முன் அவனுடைய அம்மாவும் அக்கா சௌதாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ரஹ்மத்துன்னிசா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை போய்ப் பெண்ணைப் பார்க்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். ஒரு மணி நேரம் துருவியதில் சௌதா சொன்னது இரண்டே வார்த்தை: நல்லா இருக்கா. கூடவே ஈரத்துணியில் சுற்றிய ஒரு கைப்பிடித் தண்டுகளை அவன் கையில் திணித்தாள். இலைகள் சின்னதாக, தடித்து, தண்ணீர் கோத்தது போல் இருந்தன.

"அவிய வீட்டு மதில் பூரா இதுதான் பூத்துத் தொங்குது. அழகா இருக்கேன்னேன், ஒடிச்சுக் குடுத்தாக. நட்டு வையிலே."

"என்ன நெறம்க்கா?"

"பொண்ணா, பூவா?"

"பூ."

சௌதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனேனா, பூப் பாக்கப் போனேனா?"

சாகுல் மில்லில் ஸ்டோர் கிளார்க். நட்டு போல்டு கணக்கை முடித்ததும் மேஜைக்கடியில் ருஷ்ய நாவலோ பிரெஞ்சு நாவலோ தமிழில் விரியும். ராஜபாளையத்தில் பனி பெய்வதில்லை என்பது அவனுடைய தனிப்பட்ட துக்கம். அந்த நாவல்களில் எந்தப் பெண்ணும் காரணமில்லாமல் பூ கொடுத்து அவன் படித்ததில்லை. ஆகவே இது செடி அல்ல, பரீட்சை. பெண் வீட்டார் ஒரு மாதத்தில் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதே பெண்ணை சேத்தூர் அரிசி மில்காரர் ஒருவர் வீட்டிலிருந்தும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அரிசி மில்லுக்கு எதிரே நிறுத்த அவனிடம் இருந்தது இந்த டின் ஒன்றுதான்.

முதலில் செடி எதுவென்று தெரிய வேண்டும். ஒரு தண்டை மில்லுக்குக் கொண்டுபோனான். பிட்டர் கண்ணுச்சாமி அதை ரணகள்ளி என்று அடித்துச் சொன்னார். சூப்பர்வைசர் சோலைச்சாமி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பெயர் தெரியாது, ஆனால் மூலத்துக்கு நல்லது என்றார். கடைசியில் சாகுலே அதற்கு சைபீரியக் கொடி என்று பெயர் வைத்தான். பெயர் வைத்ததோடு நின்றிருக்கலாம். சைபீரியாவிலிருந்து வந்தது நம் ஊர் வெயிலை எப்படித் தாங்கும் என்று இரக்கப்பட்டு, டின்னை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். ஐந்தே நாளில் பாதித் தண்டுகள் வெந்த ஜவ்வரிசி போலக் குழைந்துவிட்டன.

சௌதாவின் கணவர் பிச்சை முகம்மது, ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். சாகுல் ஒரு சீட்டை எழுதி நாலாக மடித்து அவரிடம் கொடுத்தான்.

"மச்சான், இத செடி குடுத்தவுககிட்ட சேத்துருங்க. வேற யாரும் பாக்க வேண்டாம்."

அவர் அதை டிக்கெட் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

'தங்கள் செடி வாடுகிறது. என் அக்கறையில் குறை ஏதுமில்லை' என்று அவன் எழுதியிருந்தான். மறுநாளே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது. நீல மை, திருத்தமான உருண்டை எழுத்து, கையெழுத்து இல்லை. 'அக்கறைதான் குறை. தண்ணீரை நிறுத்தவும். வெயிலில் வைக்கவும். பாவம் பார்க்க வேண்டாம்.'

சாகுல் அதைப் பதினோரு முறை படித்தான். என்ன கம்பீரமான பெண் என்று நினைத்தான்.

செடி பிழைத்தது. பிழைத்ததை வேகமாக வளர்க்க ஆட்டுப்புழுக்கையைக் கூடை கூடையாகக் கொட்டினான். இலை மட்டும் மதமதவென்று வந்தது, மொட்டு வரவில்லை. அடுத்த சீட்டுக்கு வந்த பதில்: 'உட்கார வைத்துச் சோறு போட்டால் எவன் வேலை செய்வான்? உரத்தை அள்ளி எறியவும்.' வாழ்க்கையை இப்படிப் புரிந்துகொண்ட ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. உரத்தை அள்ளினான். மொட்டு வந்தது. ஆனால் விரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் அவன் மூன்றாவது சீட்டை எழுதினான். 'மொட்டுகள் எனக்கு முகம் காட்ட மறுக்கின்றன. நான் செய்த குற்றம் என்ன?'

பதில் வந்தது. 'இது பத்து மணிப் பூ. வெயில் ஏறியதும் விரியும், மூன்று மணிக்கு மூடிக்கொள்ளும், ஒரு பூவுக்கு ஒரே நாள். அந்த நேரத்தில் எங்கே போயிருந்தீர்?'

கடைசிக் கேள்வியில் சாகுலுக்குப் புல்லரித்தது. அவன் மில்லுக்குப் போயிருந்தான். காலை எட்டிலிருந்து ஐந்து வரை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. தினமும் பூத்துத்தான் இருக்கிறது. பார்க்க ஆளில்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே டின்னுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கி ஊரை மூடியது. ஒரு மொட்டும் அசையவில்லை. மத்தியானம் அவன் மில்லுக்குக் கிளம்பிய பிறகுதான் வெயில் வந்தது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். அடுத்த நாள் டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டி மில்லுக்கே கொண்டுபோய், நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து கேண்டீன் பின்சுவரோரம் வைத்தான். பத்து மணிக்கு மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

பூத்திருந்தது. சின்னச் சின்னதாக, ரத்தச் சிவப்பில், நடுவில் மஞ்சள் பொட்டோடு ஏழு பூக்கள். சாகுல் குந்தியிருந்து ஏழையும் தனித்தனியாகப் பார்த்தான். பின்னால் செருமல் கேட்டது. சோலைச்சாமி நின்றிருந்தார்.

"வயித்துவலிக்காரன் செவுத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கியேப்பா. வலி தலைக்கு ஏறிருச்சா?"

சாகுல் தலைகுனிந்து ஸ்டோருக்குத் திரும்பினான். அன்று அவனுக்கு எல்லாமே பிடித்திருந்தது. மத்தியானம் கேண்டீன் சாப்பாடுகூடப் பிடித்திருந்தது. கீரைக் கடைசலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சமையல்காரி இருளம்மாளிடம் வாய்விட்டே பாராட்டினான்.

"பொறவு?" என்றாள் இருளம்மாள். "எந்தப் புண்ணியவானோ டின்னோட கொண்டாந்து வச்சிருந்தான் தம்பி. இம்புட்டுத் தளதளன்னு பருப்புக்கீரைய நான் கண்டதே இல்ல. பூவத்தான் ஆஞ்சு எறியச் செத்த நேரம் ஆச்சு."

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. அன்று சாயங்காலம் சாகுல் நாலாவது சீட்டை எழுதினான். கடைசிச் சீட்டு என்று நினைத்ததால் எதையும் மறைக்கவில்லை.

'என்னை மன்னியுங்கள். உங்கள் செடியை நான் தின்றுவிட்டேன். நான் மட்டுமல்ல, பகல் ஷிப்ட் முழுவதும் தின்றது. ஆனால் அதற்கு முன் ஐந்து நிமிடம் பூவைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் எழுத்து போதும், உங்களை அறிந்துகொண்டேன். இனி நான் ஒரு செடி வளர்த்தால் அது உங்கள் பக்கத்தில் நின்றுதான்.'

நாலு நாள் பதில் இல்லை. பிச்சை முகம்மது பஸ்ஸிலிருந்தபடியே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். சாகுல் நாவல்களைக் கட்டி நூலகத்தில் திருப்பிக் கொடுத்தான். அரிசி மில்காரருக்குப் பிள்ளை குட்டி பிறப்பதுவரை கற்பனை செய்து முடித்துவிட்டான்.

முப்பதாம் நாள் சாயங்காலம் பிச்சை முகம்மது வீட்டுக்கே வந்தார். இரண்டு கையாலும் ஒரு மண்தொட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். தொட்டி நிறைய அதே செடி.

"பதில் வந்துருச்சு மாப்ள. சேத்தூர்க்காரவுகள வேண்டாம்னுட்டாக. நீதான்."

சாகுல் ஓடிப்போய்த் தொட்டியை வாங்கிக்கொண்டான். "என் சீட்டப் படிச்சாகளா மச்சான்?"

"படிச்சு அழுதுட்டாரு. முப்பது வருசம் போலீஸ்ல இருந்தேன், ஒரு பயலும் என்னிய இம்புட்டு மதிச்சு எழுதுனதில்லங்காரு."

"யாரு?"

"பொண்ணப் பெத்த அத்தாதான், பீர் முகமது மாமா. செடி குடுத்தது அவுக, பதில் எழுதுனது அவுக. வயசுப் புள்ள கையில சீட்டுக் குடுக்க நான் என்ன கூறு கெட்டவனா?"

"அப்ப... ரஹ்மத்துன்னிசா?" என்று கேட்டான் சாகுல்.

"அதுக்குச் செடின்னாலே ஆகாது மாப்ள. ஒன் சீட்ட அத்தா சத்தமாப் படிக்கவும் அடுப்படியில இருந்து கேட்டுட்டு, 'பொறந்ததுல இருந்து தெனமும் பத்து மணிக்கு அத்தா பக்கத்துல நின்னு நான் பூப் பாத்தது போதும், இனி அதுக்கு ஆள் வந்தாச்சு, இவரையே முடிங்க'ன்னு ஒரே வார்த்தையில சம்மதம் சொல்லிருச்சாம்."